கட்டடத்துக்கும் ஒரு வழியனுப்பு விழா

ஒரு கலை அருங்காட்சியகம் தன் கட்டடத்தை மூடிவிட்டுக் கிளம்பும்போது விழா எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. புரவலர்களுக்கு மட்டும் இரவு விருந்து வைத்து, இயக்குநர் நாலு வார்த்தை பேசி, கைதட்டி முடித்துக்கொள்வதை நான் விழாக் கணக்கில் சேர்ப்பதில்லை. கதவை அகலத் திறந்து, நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்கிற விழாவைத்தான் சொல்கிறேன்.

"படங்கள் எங்கே போய்விட்டன? புதுக் கட்டடத்தில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் போகும் ஓவியம் வேறொரு ஊரில், வேறொரு தெருவில் பத்திரமாக வெளியே வந்துவிடும். ஆனால் நாம் அந்த ஓவியத்தை மட்டுமா பார்த்தோம்? எந்தப் படியேறி அதன் முன் வந்தோம், எவ்வளவு தூரத்தில் அது முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து ஜன்னலின் வெளிச்சம் மத்தியானம் எங்கே விழுந்தது, உட்கார இடம் இருந்ததா, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் படம் நமக்குள் தங்குகிறது. இவை எதையும் மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்க முடியாது. கட்டடம் மூடப்படும் நாளில் முடிவது இந்தப் பழக்கம்தான். அதற்கு ஒரு மரியாதை வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் 'நடனம்' சுவரோவியம் இதற்கு நல்ல சாட்சி. ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் மெரியன் என்ற ஊரில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்பவர் தன் சேகரிப்புக்காகக் கட்டிய மாளிகையின் பிரதான கூடத்தில், மூன்று ஜன்னல்களுக்கு மேலே வளைந்து நிற்கும் சுவர்ப்பகுதிக்காகவே மத்தீஸ் அதை வரைந்தார். வேலை பாதி நடந்தபின்தான் அளவு தவறாக எடுக்கப்பட்டது தெரிந்தது. அதைச் சின்னதாக வெட்டியோ ஒட்டுப் போட்டோ அவர் பொருத்தவில்லை. புதிதாக இன்னொன்றைத் தொடங்கி, 1933-ல் கொண்டுவந்து மாட்டினார். முந்தையது இப்போது பாரிஸில் இருக்கிறது. ஒரு சுவரின் அளவு மாறியதால் ஓர் ஓவியமே வேறாகிவிட்டது. அப்படியிருக்க, கட்டடம் வெறும் கூடு என்று எப்படிச் சொல்வது?

பார்ன்ஸ் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1951-ல் அவர் இறந்தபோது, எந்தப் படமும் மாட்டிய இடத்திலிருந்து நகரக் கூடாது என்று அறக்கட்டளை ஆவணத்தில் எழுதிவைத்திருந்தார். படங்களோடு பழைய கதவுக் கீல்கள், பூட்டுகள், மரச்சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு சுவரையும் ஒரு பாடமாக அவர் அடுக்கியிருந்தார். பிற்காலத்தில் அமைப்புக்குப் பண நெருக்கடி வந்தது. 2004-ல் ஃபிலடெல்ஃபியா நகருக்குள் இடம்பெயர நீதிமன்றம் அனுமதித்தது. எதிர்த்தவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2011 ஜூலையில் மெரியன் கூடங்கள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் திறந்த புதுக் கட்டடத்தில், பழைய அறைகளின் அளவையும் சுவரில் படங்கள் இருந்த வரிசையையும் அப்படியே திரும்ப அமைத்தார்கள். எதிர்ப்பு எழுப்பியவர்களுக்குக் கிடைத்த வெற்றி என்று அதை நான் நினைக்கிறேன். இடம் முக்கியம் என்று இடமாற்றியவர்களே ஒப்புக்கொண்டு அறைகளைப் பிரதியெடுத்துவிட்டார்கள் அல்லவா. ஆனாலும் அங்கே ஒரு சந்தோஷமான விடைபெறல் நடந்திருக்க வழியே இல்லை. நீதிமன்றம் வரை போன மனக்கசப்பு இருக்கும்போது பலூன் கட்ட முடியாது. விழா எடுக்க முதலில் ஒரு சமாதானம் வேண்டும்: ஏன் போகிறோம் என்ற காரணம் வருகிறவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அந்த வகையில் என் மனதுக்கு மிக நெருக்கமான விடைபெறல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கலை அருங்காட்சியகத்தினுடையது. அந்தக் கட்டடத்துக்குள் நான் நடந்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பயமுறுத்தும். வெற்றுக் கான்கிரீட், கோணம் கோணமாக ஒன்றன்மேல் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே போனதும் கதை மாறிவிடும். நடுவில் உயரமான பெரிய வெளி. அதைச் சுற்றி விசிறிபோல் விரியும் காட்சித் தளங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரிவுப்பாதைகள். மேலே கூரை ஜன்னல்கள் வழியே வெளிச்சம் இறங்கும். எந்தத் தளத்தில் நின்றாலும் வேறொரு தளத்தில் நிற்பவர் தெரிவார். எதிர்ப்பக்கம் ஒருவர் ஒரு படத்தின் முன்னால் அசையாமல் நின்றால், அது என்னவாக இருக்கும் என்று நமக்கும் ஆசை வரும். அடுத்தவர் பார்ப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அந்த வசதியை அறை அறையாகப் பிரிந்த எந்த மியூசியத்திலும் நான் கண்டதில்லை.

அதன் தொடக்கமே ஓர் ஓவியரின் நன்றிக்கடன். ஹான்ஸ் ஹோஃப்மன் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு முதலில் வந்தது பெர்க்லியில் பாடம் சொல்லத்தான். அந்த நினைவில் 1963-ல் தன் ஓவியங்களில் 45-ஐயும் இரண்டரை லட்சம் டாலரையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கட்டட வடிவமைப்புக்குப் போட்டி வைத்து மாரியோ சியாம்பியின் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970 நவம்பரில் திறந்தார்கள். திரைப்படக் காப்பகமும் அதே கூரைக்குக் கீழே வந்தது. அப்புறம் 1997-ல் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்து, பெரிய நிலநடுக்கம் வந்தால் கட்டடம் தாங்காது என்றார்கள். அந்த ஊரில் அது வெறும் எச்சரிக்கை அல்ல. ஹேவர்ட் நிலப்பிளவு பல்கலைக்கழக விளையாட்டரங்கத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. திரையரங்கை 1999-ல் எதிர்ச்சாரியில் ஒரு தற்காலிகக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் துருத்தி நின்ற கான்கிரீட்டுக்கு இரும்புத் தாங்கிகள் முட்டுக்கொடுத்தன. ஊன்றுகோல் பிடித்த பெரியவரைப்போல் அந்தக் கட்டடம் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தது.

முட்டுக்கொடுத்து நின்ற அந்த வருடங்களைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். மூடப்போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோவின் அழகான திட்டம் ஒன்று வந்து, பொருளாதாரச் சரிவில் 2009-ல் கைவிடப்பட்டது. புது வீடு எப்போது என்று தெரியாது. அப்படி ஒரு நிலையில், வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த நடு வெளியை இசைக்கும் நடனத்துக்கும் திறந்துவிட்டார்கள். கான்கிரீட் கூடத்தில் எதிரொலி நீண்டு தொங்கும். அதற்கென்றே யோசித்து நிகழ்த்தினார்கள் கலைஞர்கள். மக்கள் தரையில் படுத்துக்கொண்டு கேட்டார்கள். முடிவு தெரிந்த பிறகு ஒரு கட்டடத்தை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி என்று அந்த வருடங்களில் காட்டினார்கள்.

2014 டிசம்பர் 21 கடைசி நாள், விடைபெறும் விழாவும் அன்றுதான். வடபாதி உலகத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் அது. நான் சொல்ல விரும்புவது அந்தக் கடைசிக் காலத்தில் கண்ட ஒரு மாற்றத்தைத்தான். அதுவரை படங்களைப் பார்க்க வந்தவர்கள், அப்போது சுவரைப் பார்த்தார்கள். சரிவுப்பாதையின் கைப்பிடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே நடந்தார்கள். அப்பா ஒருவர் தன் மகளை ஒரு மூலையில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார்; அவர் மாணவராக இருந்தபோது அங்கேதான் உட்கார்ந்து வரைவாராம். வழக்கமாக "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்கிற காவலர், அன்றைக்கு ஒரு கிழவியிடம் எந்த இடத்தில் நின்றால் ஐந்து தளமும் தெரியும் என்று கூட்டிப்போய்க் காட்டினார். இவ்வளவு நாளும் கண்ணெதிரே இருந்தும் பார்க்காமல் விட்ட ஒன்றைப் பார்ப்பதற்கு அந்த விழா ஒரு சாக்கு கொடுத்தது. வேறு எந்தக் கண்காட்சியும் அதைச் செய்திருக்க முடியாது, ஏனென்றால் கண்காட்சி இருக்கும்போது கட்டடம் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும்.

புதிய இடம் 2016 ஜனவரி 31-ல் திறந்தது. 1939-ல் கட்டிய பல்கலைக்கழக அச்சகத்தை எடுத்து, அதோடு புதுப்பகுதி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நாடுகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையெழுத்திட்டபோது அதன் பிரதிகள் அச்சானது அந்த அச்சகத்தில்தான். நல்ல இடம், பூகம்பம் வந்தால் தாங்கும், ரயில் நிலையத்துக்குப் பக்கம். பழைய கட்டடம்? இடிக்கவில்லை. உறுதிப்படுத்தி, உயிரியல் துறையில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான ஆய்வுக்கூடங்களாக மாற்றிவிட்டார்கள். படங்களுக்காக வெட்டிய கூரை ஜன்னல்களுக்குக் கீழே இப்போது ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். எனக்கு அதில் நிறைவுதான். இடிபடுவதைவிட எந்த வேலையும் மேல்.

இடிபட்டதும் உண்டு. நியூயார்க்கில் அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்காக 2001-ல் கட்டிய கட்டடம், முகப்பு முழுக்க வெண்கலக் கலவைத் தகடுகள் போர்த்தியது, கட்டடக் கலை விமர்சகர்கள் கொண்டாடியது. கடன் தாங்காமல் 2011-ல் பக்கத்திலிருந்த நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு விற்றார்கள். 2014-ல் அது தரைமட்டம். 13 வருடம்தான் வாழ்ந்தது. அதை வடிவமைத்த டாட் வில்லியம்ஸ், பில்லி ட்ஸியன் தம்பதிதான் பார்ன்ஸ் சேகரிப்பின் புதுக் கட்டடத்தையும் கட்டியவர்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒருபக்கம் பழைய அறைகளை அங்குல அளவில் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு, சொந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

நியூயார்க்கிலேயே இன்னொரு கட்டடம் இருக்கிறது. மேடிசன் அவென்யூவில் மார்செல் பிராயர் வடிவமைத்து 1966-ல் விட்னி அருங்காட்சியகத்துக்காகத் திறந்தது. மேலே போகப் போக முன்னால் துருத்தும் கருங்கல் முகம், தெருவைப் பார்த்துச் சாய்ந்த ஒரே ஒரு பெரிய ஜன்னல். 2014 அக்டோபரில் விட்னி அங்கிருந்து கிளம்பியபோது அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸின் கண்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வார இறுதியில் சனிக்கிழமை காலை 11 மணிக்குத் திறந்த கதவை ஞாயிறு இரவு 11 வரை மூடவே இல்லை. தொடர்ந்து 36 மணி நேரம். கூன்ஸின் பளபளப்பில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் நடுநிசியிலும் அதிகாலையிலும் ஒரு மியூசியம் திறந்திருப்பது எவ்வளவு தாராளமான செயல்! பகலெல்லாம் வேலை பார்ப்பவர், சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவி முடித்துக் கிளம்புகிறவர், தூக்கம் வராதவர், எல்லோருக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தது.

அந்தக் கட்டடத்துக்கு அதன் பிறகு ஏற்பட்டதைப் பார்த்தால், விடைபெறும் விழா ஏன் வேண்டும் என்று எனக்கு மேலும் உறுதியாகிறது. 2016-ல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாடகைக்கு எடுத்து நவீனக் கலைக்கான கிளையைத் திறந்தது. 2020 மார்ச் 4-ல் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் பெரிய கண்காட்சி தொடங்கியது. பத்து நாள்கூட ஆகவில்லை, பெருந்தொற்று வந்து ஊரே அடைத்தது. அதன் பிறகு அந்தக் கிளை திறக்கவே இல்லை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போன மாதிரி ஆயிற்று. யார்மேலும் குற்றமில்லை, ஆனால் அதன் ரசிகர்கள் பலர் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது பாதியில் நிறுத்திவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். அடுத்ததாக ஃப்ரிக் சேகரிப்பு என்ற அருங்காட்சியகம் தன் மாளிகையைப் புதுப்பிக்கும்வரை, 2021-லிருந்து 2024 மார்ச் வரை, அங்கே குடியிருந்தது. பட்டுத்துணி ஒட்டிய சுவர்களில் சாய்வு நாற்காலிகளுக்கு மேலே இருந்து பழகிய பழைய ஓவியங்கள் சாம்பல் நிறச் சுவருக்கு வந்தன. ஜொவான்னி பெல்லினி வரைந்த 'பாலைவனத்தில் புனித பிரான்சிஸ்' ஓவியத்துக்குத் தனியாக ஓர் அறை கொடுத்து, பிராயரின் சாய்ந்த ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் மாட்டினார்கள். ஓவியத்துக்குள் ஒளி வரும் அதே பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சமும் வந்தது. ஐந்நூறு வருடத்துக்கும் மேல் வயதான படம், 1966-ன் கான்கிரீட் கட்டடத்தில் அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. 2025-ல் மாளிகை திறந்து படம் வீடு திரும்பியது. அந்தச் சேர்க்கை இனி கிடையாது. கட்டடத்தை சோதபி ஏல நிறுவனம் வாங்கிவிட்டது.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தின் மாடிப்படி ஓரத்தில், சார்ல்ஸ் சைமண்ட்ஸ் என்ற சிற்பி 1981-ல் களிமண்ணால் கட்டிய குட்டி வீடுகள் இருக்கின்றன. விரல்நுனியில் அடங்கும் சிறு செங்கற்கள். கற்பனையான குட்டி மனிதர்கள் குடியிருந்து போன இடிபாடுபோல் இருக்கும். இதன் ஜோடி எதிர்த் தெருக் கட்டடத்தின் மேலே உட்கார்ந்திருக்கிறது. விட்னி தன் சேகரிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனபோது, இதை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுப் போனது. பெயர்த்தால் அது வேறாகிவிடும் என்பதுதான் காரணம். சரியான முடிவு.

இப்படி எடுத்துப்போக முடியாதவை ஒவ்வொரு மியூசியத்திலும் இருக்கும். அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட்டின் சுவர் வரைபடங்கள் இன்னொரு தினுசு. வாங்கியவரிடம் இருப்பது ஒரு சான்றிதழும் வரையும் முறையைச் சொல்லும் குறிப்பும்தான். கிளம்பும்போது சுவர்மேல் வெள்ளை அடித்துவிடுவார்கள். புது இடத்தில் ஆட்களை வைத்து முதலிலிருந்து வரைவார்கள். படைப்பு அழியவில்லை என்பது சட்டப்படி உண்மை. பல வாரம் பென்சில் பிடித்து அந்தச் சுவரில் கோடு போட்டவர்களுக்கு அந்த வெள்ளை அடிப்பு எப்படி இருக்கும் என்பதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

இடமாற்றத்தின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு ஓவியத்தையும் இறக்கியதும் அதன் நிலையை எழுதிக்கொள்வார்கள்: எங்கே வெடிப்பு, எங்கே வண்ணம் உரியப் பார்க்கிறது, சட்டத்தில் எந்த மூலை உடைந்திருக்கிறது. படமும் எடுப்பார்கள். அளவெடுத்துச் செய்த மரப்பெட்டியில் நுரைப்பஞ்சு அடுக்கி வைப்பார்கள். லாரியில் அதிர்வு தாங்கும் அமைப்பும் குளிர்பதனமும் இருக்கும். விலைமதிப்பற்றவை எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்ற மாட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே பெட்டியைத் திறப்பதும் இல்லை. புது இடத்தின் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் மெதுவாகப் பழகட்டும் என்று ஒரு நாளாவது அப்படியே வைத்திருப்பார்கள். ஆஸ்லோவில் மூங்க் அருங்காட்சியகம் 2021-ல் திறந்த 13 மாடிக் கட்டடத்துக்கு மாறியபோது, சில பிரம்மாண்டமான ஓவியங்கள் எந்தக் கதவுக்குள்ளும் நுழையாது என்பதால், கட்டி முடிக்கும் முன்பே சுவரில் விட்டிருந்த திறப்பு வழியாகக் கிரேன் வைத்து உள்ளே ஏற்றினார்கள். பொதுமக்கள் இதை நின்று பார்க்க முடிந்தால் எத்தனை பேர் வருவார்கள்! பாதுகாப்புக் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. ஆனாலும் விழாவின் ஒரு மூலையில் ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்து, அதைச் செய்தவரையே பேசவைப்பதில் என்ன ஆபத்து? இயக்குநரின் உரையைவிடக் கூட்டம் அங்கேதான் இருக்கும்.

படங்கள் இறங்கியபின் சுவரில் மிஞ்சுவது ஒன்று உண்டு. துணி ஒட்டிய சுவர்களிலும் வண்ணச் சுவர்களிலும், படம் தொங்கிய இடம் மட்டும் வெளுக்காமல் செவ்வகமாக நிற்கும். இத்தனை வருடம் வெளிச்சம் எவ்வளவு தின்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அந்தச் செவ்வகங்களோடு இரண்டு நாளாவது கூடங்களைத் திறந்து காட்ட வேண்டும் என்பேன். பாரிஸில் கிட்டத்தட்ட அப்படியே ஒன்று நடந்தது. ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும் சேர்ந்து வடிவமைத்து 1977-ல் திறந்த பொம்பிடு மையம், ஆஸ்பெஸ்டாஸ் அகற்றவும் முழுசாகப் புதுப்பிக்கவும் 2025-ல் மூடப்பட்டது. 2030-ல் திறக்கத் திட்டம். நூலகம், நிரந்தர சேகரிப்பின் தளங்கள், கடைசியில் எல்லாம் என்று படிப்படியாக மூடினார்கள். காலியான நூலகத் தளத்தை ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் வோல்ஃப்கேங் டில்மன்ஸிடம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 6,000 சதுர மீட்டர். புத்தக அலமாரிகள் நின்ற தடம் கம்பளத்தில் அப்படியே இருக்க, அதன்மேலேயே அவர் தன் படங்களை அமைத்தார். அந்த நூலகத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் கண்காட்சிக்கு வந்து தங்கள் மேசை இருந்த இடத்தைத் தேடியிருப்பார்கள். கலைஞரும் கட்டடமும் வாசகர்களும் ஒரே நேரத்தில் விடைபெற்ற இடம் அது. அக்டோபரில் கட்டட முகப்பில் சீனக் கலைஞர் சாய் குவோ-சியாங் நிகழ்த்திய வாணவேடிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்; எனக்கு அந்தக் கம்பளம்தான் பெரிது.

சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2013-ல் விரிவாக்கத்துக்காக மூடியபோது கடைசி நான்கு நாளும் இலவசமாகத் திறந்தது. கூட்டம் அலைமோதியது. மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது, மாரியோ போட்டா கட்டிய கருங்கல் மாடிப்படி போயிருந்தது. புதிய படி அகலமானது, வெளிச்சமானது, நடக்கச் சுகமானது. பழைய படியின் கனத்தைக் காலில் உணர்ந்து ஏறியவர்களுக்கு அந்த நான்கு நாள் கடைசி வாய்ப்பாக இருந்தது. ஒன்றை இங்கே குறை சொல்லத்தான் வேண்டும், எந்த ஒரு நிறுவனத்தையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை: "மீண்டும் வருவோம்" என்று பெரிதாக எழுதி வைக்கும் அருங்காட்சியகங்கள், எது திரும்ப வராது என்பதை எழுதுவதில்லை. மாடிப்படி போகிறதென்றால் அதில் ஒரு பலகை வையுங்கள். இது இருக்காது, இதில் இன்று ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். மக்கள் கோபப்பட மாட்டார்கள், நன்றி சொல்வார்கள்.

ஜப்பானில் காமகுரா நவீனக் கலை அருங்காட்சியகம் இதை அழகாகச் செய்தது. 1951-ல், போர் முடிந்து ஆறே வருடத்தில், ஜப்பானின் முதல் பொது நவீனக் கலை அருங்காட்சியகமாக அது திறந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவிடம் வேலை கற்ற சகாகுரா ஜுன்ஸோ வடிவமைத்தார். ஒரு பழைய ஆலய வளாகத்தின் குளக்கரையில், தண்ணீருக்குள் இறங்கிய மெல்லிய தூண்கள்மேல் நிற்கும் வெள்ளைக் கட்டடம். நீரலையின் ஒளி கீழ்த்தளத்தின் கூரையில் ஆடிக்கொண்டே இருக்கும். நிலம் ஆலயத்துக்குச் சொந்தம்; குத்தகைக் காலம் முடியப்போகிறது என்பது முன்பே தெரியும். அதனால் கடைசி ஒரு வருடத்தை, 65 வருட வரலாற்றைச் சொல்லும் தொடர் கண்காட்சிகளாக அமைத்து, 2016 ஜனவரி 31-ல் மூடினார்கள். இடித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. இடிக்கவில்லை. ஆலயமே ஏற்றுக்கொண்டு பழுதுபார்த்து 2019-ல் வேறு பெயரில் திறந்தது. கூரையில் நீரொளி இன்றும் ஆடுகிறது. அந்த ஒரு வருடத்தில் வந்து குவிந்த மக்களின் அன்பும் அந்த முடிவுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

திரும்பி வருவதிலும் ஓர் அழகு உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2003-லிருந்து 2013 வரை பத்து வருடம் புதுப்பிப்பில் இருந்தது. திறந்தபோது எல்லாப் படங்களுக்கும் இடம் மாறியிருந்தது, ஒன்றைத் தவிர. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' மட்டும் தன் பழைய இடத்துக்கே திரும்பியது. அந்தக் கூடத்தை அந்த ஓவியத்துக்காகவே கட்டியிருந்தார்கள், வேறெங்கே மாட்டுவது?

காவலர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். ஒரு மியூசியக் கட்டடத்தை இயக்குநரைவிட, காப்பாட்சியரைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். எந்த ஜன்னலில் மழைக்கு ஒழுகும், எந்தப் படத்தின் முன் மக்கள் அழுவார்கள், எந்த அறையில் குழந்தைகள் ஓட ஆரம்பிக்கும், எல்லாம் தெரியும். பால்டிமோர் கலை அருங்காட்சியகம் 2022-ல் தன் காவலர்கள் 17 பேரையே படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு கண்காட்சி நடத்தியது. அவர்கள் எழுதிய குறிப்புகளில் வருடக்கணக்காக ஒரே படத்தோடு நின்றவரின் பார்வை இருந்தது. இடமாற்றம் என்றால் இவர்களில் சிலருக்கு வேலையே போகும், சிலருக்கு மணி நேரம் குறையும். விழா மேடையில் முதல் வரிசை அவர்களுடையதாக இருக்க வேண்டும். அவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

உங்களுக்குப் பழக்கமான ஓர் அருங்காட்சியகம் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் ஒரு தரம் முன்னதாகவே போய்விடுங்கள். கடைசி நாளில் கூட்டம் இருக்கும், சந்தோஷம் இருக்கும். நின்று பார்க்க இடம் இருக்காது. முதல் தடவை தனியாகப் போய், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அது எந்தச் சுவரில் இருக்கிறது, பக்கத்தில் எது இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நின்றால் முழுசாகத் தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். விழா நாளுக்கு வீட்டிலிருக்கும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புதுக் கட்டடம் திறந்தபின் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு அதே படத்தின் முன்னால் போய் நில்லுங்கள். கட்டடம் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதை அந்தப் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.